ஒரு சக்கரம் தூக்கினால்

ரெபேக்காளின் காருக்குத் தாராள குணம் ஒன்று இருந்தது. வலது முன்சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் இடது கதவு தானாகத் திறக்கும். இடது சக்கரம் ஏறினால் வலது கதவு திறக்கும். பாரபட்சம் கிடையாது. வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் சபைவாசல் சரிவில் ஏறியபோது, இடது கதவு அகலத் திறந்து, பக்கத்தில் இருந்த கணவன் சுந்தரனைப் பாதிக்கு மேல் போதகரின் காலடியில் சமர்ப்பித்தது. சுந்தரன் மடக்கிக் கட்டிய வேட்டியோடு எழுந்து, "ஸ்தோத்திரம் ஐயரே" என்று சொல்லிவிட்டு, ஆராதனை முழுக்க முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பாறசாலைக்குத் தெற்கே, கேரளம் முடிவதற்கு இரண்டு பர்லாங் மிச்சமிருக்கும்போது, இடப்பக்கம் ரெபேக்காளின் வெல்டிங் பட்டறை. கேட், சன்னல் கம்பி எல்லாம் உண்டு. முக்கியமான தொழில் டிரஸ் வேலை, துணி டிரஸ் அல்ல, கூரைச் சட்டம். இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் முதலில் காங்கிரீட்டில் கூரை போடுவான். இரண்டாவது மழைக்கு அது ஒழுகும். பிறகு அதன்மேல் இரும்புப் பைப்பில் சட்டம் நிறுத்தித் தகடு வேய்வான். முதல் கூரை பெருமைக்கு, இரண்டாவது கூரை மழைக்கு. அந்த இரண்டாவது கூரையில் இருபத்திரண்டு வருடமாகப் பிழைக்கிறவள் ரெபேக்காள். ஊர்க் கூரைக்கெல்லாம் மேல் கூரை போட்டவள், நாற்பத்தெட்டாவது வயதில், கூரையே இல்லாத ஒரு காரை வாங்கினாள் என்பதுதான் களியக்காவிளை சந்தை வரைக்கும் பேச்சு.

இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். சிவப்பு நிறம். இருபத்தைந்து வருடப் பழசு. செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். அது எப்போதோ பூட்டிப் போயிற்று, இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. காஞ்சிரங்குளத்தில் ஒரு வீட்டுக்கு டிரஸ் போடப் போனபோது, பின்பக்கம் தென்னை மூட்டில் ஒரு கோழி இதற்குள் அடைகாத்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். கோழி எழுந்து போன நேரம் பார்த்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு அது வேண்டும் போல் இருந்தது. இதற்கு மேல் காரணம் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. ஆம்பிளை கார் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை, என்ன விலை என்றுதானே கேட்கிறார்கள்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு காரணம் இருந்தது. போன ஜனவரியில் காட்டாக்கடையில் ஒரு மூன்று மாடி வீட்டின் உச்சியில் நின்று வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கும்போது, கீழே ரோட்டில் பதினோரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாகப் போயின. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். போலீஸ் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டது. ரெபேக்காள் தீப்பொறி படாமல் மாட்டியிருந்த முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கடைசி கார் வளைவு திரும்பும் வரை பார்த்தாள். அந்த வரிசையில் தானும் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசைக்கு வயது வரம்பு வைத்த சட்டம் அவளுக்குத் தெரிந்து இரண்டு மாநிலத்திலும் இல்லை.

அந்த வரிசை தென் திருவிதாங்கூர் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் சமிதியைச் சேர்ந்தது. பதினோரு உறுப்பினர்கள். ஒரு பிரசிடண்ட், மூன்று வைஸ் பிரசிடண்ட், ஒரு புரவலர், இரண்டு ஆலோசகர், ஒரு செக்ரட்டரி, அவருக்கு ஒரு ஜாயிண்ட், ஒரு பொருளாளர். பதவி இல்லாத வெறும் உறுப்பினர் ஒருவர்தான் மிச்சம். அவரையும் அடுத்த பொதுக்குழுவில் ஏதாவது ஆக்கிவிடுவதாக இருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை நெய்யாற்றின்கரை மைதானத்தில் புறப்பட்டு, காட்டாக்கடை வழியாக, நெய்யாறு அணை வரை போவார்கள். போய்ச் சேர்ந்ததும் பேசுவார்கள். கார் ஓடும் நேரத்தைவிடப் பேச்சு ஓடும் நேரம் அதிகம்.

ரெபேக்காள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். பரிசோதிக்க பிரசிடண்ட் கிருஷ்ணன்குட்டி சாரே நேரில் வந்தார். பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் ஆஜர் எடுக்கிற குரல் போகவில்லை. காரை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒரு விரலால் கதவைத் தொட்டார். "பாவம்" என்றார், காரைப் பார்த்து.

"சாரே, பேரு எழுதியாச்சா?" என்றாள் ரெபேக்காள்.

"எழுதாம், எழுதலாம். அதுக்கு முன்ன ஒரு காரியம் காட்டித் தாறேன்." பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்யும் பினுவைக் கூப்பிட்டு, இடது முன்சக்கரத்தை ஜாக்கி வைத்து ஒரு சாண் தூக்கச் சொன்னார். சக்கரம் எழும்பியது. 'டக்'கென்று வலது கதவு திறந்தது. சார் மாயாஜாலக்காரனைப் போல இரண்டு அடி விலகிக் கையை விரித்தார்.

"டார்ஷனல் ரிஜிடிட்டி. கேட்டிட்டுண்டோ ரெபேக்கா?"

"பேரு கேட்டதில்ல சாரே. இல்லாம போனா என்ன வரும்னு இப்ப கண்டேன்."

"மூடி உள்ள செருப்புப் பெட்டிய ரெண்டு கையில பிடிச்சு முறுக்கு. முறுகாது. மூடிய எடுத்திட்டு முறுக்கு. ஈரத்துணி மாதிரி முறுகும். கூரைதான் வண்டிக்க மூடி. இதுக்கு மூடி இல்ல. அடியில உள்ள சாசிதான் முழு முறுக்கையும் தாங்கணும். இந்தச் சாசி தாங்காது."

சொன்னது சரிதான் என்று ரெபேக்காளுக்குப் பட்டது. நல்ல விஷயத்தைக்கூட இந்த மனுஷன் சொன்னால் வாங்கிக்கொள்ள மனம் வராதது ஏன் என்றுதான் புரியவில்லை. நாற்பது நிமிடம் பேசினார். ஒருமுறைகூடக் குனிந்து காரின் அடியைப் பார்க்கவில்லை.

"அப்ப ஓட்டக் கூடாதா?"

"ஓடண்டா. ஒரு நல்ல ஐடியா உண்டு. நம்ம மேடைக்குப் பக்கத்தில நிறுத்தி மாலை போடாம். நீ ஒரு சரிகைக் கரை வச்ச பாலராமபுரம் கசவுச் சேலை உடுத்து உள்ளே இரி. 'ஸ்த்ரீ சக்தி'ன்னு ஒரு போர்டு. சீஃப் கெஸ்ட் வந்து போட்டோ எடுப்பாரு. சமிதிக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"காரு அசையாதா?"

"எதுக்கு அசையணும்? சும்மா இருந்தா மதி, அது போதும்."

வாழை மூட்டில் சருகு உரித்துக்கொண்டிருந்த சுந்தரன் அங்கிருந்தே சொன்னான்: "சாரே, சும்மா இருக்கதுக்கு வீட்டில நாக்காலி உண்டு."

சார் அவனை ஆஜர் பட்டியலில் இல்லாத பையனைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு ரெபேக்காளிடம் விதியைச் சொன்னார். மூன்று வாரம் கழித்து, வருடாந்தர ஓட்டம் புறப்படுகிற அன்றைக்கே மைதானத்தில் பரிசோதனை. இதே போல ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது, கதவு தானாகத் திறக்கக் கூடாது. ஒரே விரலால் திறக்க வேண்டும், அதே விரலால் சாத்த வேண்டும். அது நடந்தால் ஓட்டிக்கொள்ளலாம்.

"யாருக்க விரலு சாரே? எனக்க விரலா, உங்க விரலா?"

"எனக்க விரல். ஆனா அது நடக்காது. அதுக்கு இஞ்சினியரிங் வேணும். வீட்டுக்கு கேட் பண்ணறதல்ல இது."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருந்தால் ரெபேக்காள் ஒருவேளை கசவுச் சேலையைப் பற்றி யோசித்துக்கூட இருப்பாள். சார் போன பிறகு முகக் கண்ணாடியைத் தலையில் மாட்டினாள்.

"எலே பினு, அந்தப் பத்து மில்லி கனத்து இரும்புப் பட்டையை இழு."

அவள் செய்த முதல் தப்பு இந்த நாட்டுத் தப்பு. இங்கே கேட்டை யாரும் பார்த்து வாங்குவதில்லை, தூக்கிப் பார்த்து வாங்குவார்கள். புது வீடு காண வந்தவன் கேட்டைத் தள்ளும்போது ஒரு கையால் திறந்துவிட்டால் வீட்டுக்காரனுக்குக் குறைச்சல். தோள் கொடுத்துத் தள்ளி மூச்சு வாங்க வேண்டும். வாங்கிவிட்டு "கொள்ளாம், நல்ல கனமாக்கும்" என்று சொல்ல வேண்டும். கனம்தான் பலம். இருபத்திரண்டு வருடம் அப்படி ஊறிய கை. அந்தக் கை காரின் அடியில் இரண்டு பக்கமும் பத்து மில்லி கனத்தில் பட்டை பட்டையாக இரும்பை வைத்து வரிசையாக வெல்டிங் அடித்துத் தள்ளியது. நான்கு நாள் வேலை. முடித்து இறக்கியபோது கார், பெரிய மனிதர் சோபாவில் உட்கார்ந்தது போல் அமர்ந்தது.

ஜாக்கி வைத்தார்கள். சக்கரம் ஒரு சாண் எழும்பியது. 'டக்'.

"முன்ன வேகமா திறந்தது," என்றான் சுந்தரன். "இப்ப கொஞ்சம் மரியாதையாத் திறக்குது."

"நீங்க போயி வாழைக்கு மண்ணு அணையுங்க."

"போறேன். ஆனா ஒண்ணு சொல்லட்டா? இந்த வண்டி இனி கேட்டாக்கும். வீட்டு வாசல்ல மாட்டிடலாம்."

அன்று சாயங்காலம் சபை முன்னால் உள்ள வேகத்தடையில் கார் வயிறு தட்டி நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. ஆறு பேர் தூக்கினார்கள். தூக்கிய ஆறு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் அடிப்பெட்டிக்குள் சிமெண்டு ஊற்றச் சொன்னான். ஒருவன் கட்டிலுக்கு வைக்கிற பஞ்சை அடைக்கச் சொன்னான். இன்னொருவன் ரொம்பப் பாசத்தோடு, "ரெபேக்கா, நீ ஒரு டிரஸ்காரியில்லா. மேல ஒரு கூரை போட்டா தீர்ந்துதே" என்றான். கூரை போட்டால் அது வேறு கார் என்பதை அவனுக்கு விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு வாரம் போயிற்று. காஞ்சிரங்குளத்தில் இன்னொரு வேலை முடிக்க வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் நான்கு கால் நிறுத்தி, மேலே நீளப் பைப்புகள் வைத்தாகிவிட்டது. பினு உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தான். கடல்காற்று அடித்தது. சட்டம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"யக்கா, ஆடுது."

"குறுக்குப் பைப்பு வைக்கல்லேல. வைக்காம ஆடத்தான் செய்யும். எவ்வளவு கனத்தில கால் நிறுத்தினாலும் குறுக்கு இல்லாம நிக்குமா? மண்டையில மூளை இருக்கா உனக்கு?"

சொல்லி முடித்ததும் அவள் வாய் அப்படியே நின்றது. பினுவைத் திட்டிய திட்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்று வீட்டுக்காரர் பயந்து இளநீர் வெட்டிக் கொண்டு வந்தார்.

நூற்றுக்கணக்கான கூரையில் செய்ததை ஒரு காரில் செய்யத் தோன்றவில்லை. கூரை என்றால் மேலே இருக்கும், கார் என்றால் கீழே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான்கு மூலையுள்ள சட்டம் எவ்வளவு கனமானாலும் சாயும். மூலைக்கு மூலை ஒரு பைப்பு போய் அது இரண்டு முக்கோணம் ஆகிவிட்டால் சாயாது. இது அவள் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததைக் கிருஷ்ணன்குட்டி சாரின் நாற்பது நிமிடம் மறக்கடித்துவிட்டது.

அடித்த பட்டையை எல்லாம் வெட்டி எறிந்தாள். பிறகு காரின் அடியில் மல்லாந்து கிடந்து, முதல் முறையாக ஒவ்வொரு சாணாகப் பார்த்தாள். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டிதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாள். பப்பாளிப் பழத்தில் குத்தியது போல் இறங்கியது. காஞ்சிரங்குளத்துக் கடல்காற்றும் கோழியும் சேர்ந்து இருபது வருடம் தின்றிருந்தன. உள்ளே இரும்பே இல்லை. பெயிண்ட்டும் விசுவாசமும்தான் இருந்தது. துருவின் மேல் பத்து மில்லி வைத்தால் என்ன, நூறு மில்லி வைத்தால் என்ன.

துருப்பிடித்ததை வெட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். கார் கோணலாக நிற்கும்போது இரும்பை வைத்து அடித்துவிட்டால் அந்தக் கோணல் ஆயுசுக்கும் நிற்கும். காரைச் சக்கரத்தில் நிறுத்தாமல் நான்கு மூலையிலும் கட்டை கொடுத்தாள். டிரஸ்காரர்கள் எல்லோரிடமும் உள்ள, தண்ணீர் நிறைத்து மட்டம் பார்க்கிற பிளாஸ்டிக் குழாயை எடுத்து, நான்கு மூலையும் ஒரே மட்டம் வரும்வரை கட்டைகளின் கீழே தகரத் துண்டு சொருகிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பொய் சொல்லாது. பிரசிடண்ட் பதவியும் கேட்காது. இரண்டு கதவையும் சாத்தி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றுதானா என்று ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் வெட்டினாள். ஒரு பக்கம் முடிந்து புதுப்பெட்டி வைத்த பிறகுதான் மறுபக்கம்.

இரண்டு மில்லி தகட்டை மடித்து நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக்கினாள். தொடர்ந்து அடித்தால் சூட்டில் இழுத்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாறி மாறி வைத்தாள். சண்டைக்காரச் சம்மந்திகளுக்கு விருந்து பரிமாறுவது போல, ஒரு பக்கம் ஒரு கரண்டி கூடினால் தீர்ந்தது. அடித்தளத்தின் கீழே மூலைக்கு மூலை இரண்டு பைப்பு, நடுவில் சேரும் இடத்தில் ஒரு தகடு, எல்லாம் போல்ட்டில். முன்னால் எஞ்சினுக்கு மேல், இரண்டு சக்கரத்தின் சஸ்பென்ஷன் தலையையும் சேர்த்து ஒரு பைப்பு. இருக்கைகளுக்குப் பின்னால் தோளுயரத்துக்கு ஒரு வளையம். அதன் கால்கள் புதுப்பெட்டியில் இறங்கி நின்றன. கவிழ்ந்தால் தலையும் தப்பும்.

முதல் சோதனையில் கதவு தானாகத் திறக்கவில்லை. பினு துள்ளினான். ஆனால் கையால் திறந்த பிறகு சாத்த முடியவில்லை. கால்வாசி விரலளவு இடித்தது. ஒரு பைப்பை அதிகமாக இழுத்து முறுக்கியிருந்தாள். மறுபடி கட்டை, மறுபடி தண்ணீர்க்குழாய், போல்ட்டைத் தளர்த்தி, துளையைக் கொஞ்சம் நீட்டி, மறுபடி முறுக்கினாள். மூன்றாவது தடவை, சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்போது, சுண்டுவிரலால் கதவைத் திறந்தாள். சுண்டுவிரலால் சாத்தினாள். அவள் புதிதாக வைத்த இரும்பு மொத்தமும் ஒரு கேட்டின் பாதிக் கதவு கனம்கூட வராது. அதை மட்டும் வெளியே சொல்ல வேண்டாமென்று பினுவிடம் சத்தியம் வாங்கினாள். கனம் குறைந்தால் பலம் கூடும் என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கேட்டுக்கு ஆள் வராது.

பரிசோதனை நாளில் நெய்யாற்றின்கரை மைதானத்தில் பேனர் கட்டியிருந்தது. பேனரில் பதினோரு முகம். பிரசிடண்டின் முகம் மற்றப் பத்தையும் சேர்த்த அளவு. கொடியசைக்க ஒரு சீரியல் நடிகர் வந்து மேடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி தன்யா, பாலராமபுரத்தில் பல் டாக்டர், அப்பாவின் பழைய இரட்டை இருக்கைக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜாக்கியை அவளே வைத்தாள். இடது சக்கரம் எழும்பியது, கதவு தானாகத் திறக்கவில்லை. கிருஷ்ணன்குட்டி சார் விரலை நீட்டினார்.

கதவு திறந்தது. அதே விரலுக்குச் சாத்திக்கொண்டது. சார் விரலைப் பார்த்துக்கொண்டார், அது தன்னுடையதுதானா என்பது போல.

"சாரே, அனுமதி ஸ்டிக்கர் எடுக்கட்டா?" என்றாள் தன்யா.

சார் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குனிந்தார். அடியில் பார்த்தார். பைப்பு தெரிந்தது. முகம் மலர்ந்தது. "இது ஒரிஜினல் அல்ல. கம்பெனி வச்ச வண்டியில இந்தப் பைப்பு இல்ல. சமிதி கிளாசிக் சமிதியாக்கும்."

"மூணு வாரம் முன்ன கதவு திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றாள் ரெபேக்காள்.

"அன்னைக்குப் பாத்தது ரிஜிடிட்டி. இன்னைக்குப் பாக்கறது ஒரிஜினாலிட்டி. விஷமிக்கண்டா, வருத்தம் வேண்டாம். மேடைக்குப் பக்கத்தில இடம் உண்டு." ஒரு கவரை நீட்டினார். உள்ளே கசவுச் சேலை. மடிப்புக் கலையாமல், கடைச் சீட்டோடு இருந்தது. பரிசோதனைக்கு முன்னாலேயே வாங்கியது.

ரெபேக்காள் கவரை வாங்கிக்கொண்டாள். "செரி சாரே. ஒரிஜினல்னா எப்படி இருக்கும்னு எனக்கும் படிக்கணும். உங்க வண்டியையும் ஒரு சக்கரம் தூக்கிப் பாத்திருவமே."

"பிரசிடண்டுக்க வண்டிக்குப் பரிசோதனை இல்ல."

"ரூலில அப்படி எழுதல்லையே சாரே," என்றாள் தன்யா. குரலில் பல் டாக்டர்களுக்கே உரிய சாந்தம் இருந்தது.

பிரசிடண்டின் பச்சை நிறக் காருக்கும் கூரை கிடையாது. அவர் கதவைத் திறந்து ஏறி யாரும் பார்த்ததில்லை. வேட்டியை மடித்து, ஒரு காலைத் தூக்கி, கதவைத் தாண்டித்தான் ஏறுவார், இறங்குவார். அறுபத்து நான்கு வயதில், மூட்டு வலியோடு. அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்காரனின் பாணி என்று நினைத்து மற்றப் பத்துப் பேரும் தங்கள் கதவுகளைத் தாண்டப் பழகி, அதில் ஒரு வைஸ் பிரசிடண்ட் இடுப்பு பிடித்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார்.

சுந்தரன் பச்சைக் காருக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு கதவையும் உள்ளே இருக்கையின் கீழ்க் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது.

"இது வாழைக்குலைக்குத் தாங்கு குடுக்கிற முடிச்சாக்கும்," என்றான், தொழில்காரனின் மரியாதையோடு. "நல்லாக் கெட்டியிருக்கு." சார் வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் இரண்டு முடிச்சும் அவிழ்ந்துவிட்டன. அவன் கைக்கு அந்த முடிச்சை அவிழ்த்துத்தான் பழக்கம். பினு ஜாக்கியை அழுத்தினான். சக்கரம் நான்கு விரல்தான் எழும்பியது. பச்சைக் கதவு படாரென்று திறந்து, பக்கத்தில் நின்ற ஆலோசகரின் முழங்காலைத் தட்டியது.

மைதானத்தில் இளநீர் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது டெம்பரரி," என்றார் சார்.

"எத்தனை வருஷமா சாரே?" என்று தன்யா கேட்டாள்.

"ஒன்பது."

வேறொருவர் என்றால் இந்த இடத்தில் ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கிருஷ்ணன்குட்டி சார் மைக்கை எடுத்தார். நேரமாகிவிட்டது, சீஃப் கெஸ்டுக்கு வேறு நிகழ்ச்சி உண்டு, ஒரிஜினல் அல்லாத வண்டிகளுக்கு ஓட அனுமதி இல்லை என்று அறிவித்தார். தன்யா கமிட்டியைப் பார்த்தாள். வைஸ் பிரசிடண்டுகள் புல்லைப் பார்த்தார்கள். ஆலோசகர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

ரெபேக்காள் கசவுச் சேலைக் கவரைப் பச்சைக் காரின் முன்மூடியில் வைத்தாள். "இது இஞ்ச இருக்கட்டு சாரே. மேடையில இருக்க யாராவது ஒரு ஆளு வேணுமே." பிறகு, குரலை உயர்த்தாமல், "எனக்க வண்டி டாக்ஸ் கெட்டுன வண்டி. எனக்கு லைசென்ஸ் உண்டு. மைதானம் வேணும்னா உங்க சமிதிக்க வாடகையா இருக்கும். ரோடு உங்க சமிதிக்க ரோடு இல்ல" என்றாள்.

கதவைத் திறந்து ஏறினாள். மறுபக்கம் சுந்தரன் ஏறி, பழைய நினைப்பில் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க அத. ஒண்ணும் திறக்காது."

"நீ ஓட்டு. நான் சும்மா பிடிச்சிருக்கேன்."

சிவப்புக் கார் மைதானத்தின் வாசலைத் தாண்டிக் காட்டாக்கடை ரோட்டில் திரும்பிய பிறகுதான் மேடையில் கொடி அசைந்தது. சமிதி மரபுப்படி பிரசிடண்டின் வண்டிதான் முதலில் போக வேண்டும். கயிற்றை மறுபடி கட்ட சாருக்கு இரண்டு நிமிடம் போதும்தான். ஆனால் சீரியல் நடிகர் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன, மடித்த வேட்டியோடு குனிந்து குலைக்கயிறு கட்டுகிற பிரசிடண்டை எந்த பேனரிலும் போட முடியாது. அவர் கதவைத் தாண்டி ஏறி, கையை உயர்த்திக் காட்டி, புறப்பட்டார்.

ரோடு குறுகலானது. குடிநீர்க் குழாய்க்கு வெட்டி மூடாமல் விட்ட பள்ளங்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. ரெபேக்காள் அவசரப்படவில்லை. முதல் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. கார் ஒரே துண்டாக இறங்கி ஒரே துண்டாக ஏறியது. கதவு அசையவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

பின்னால் ஹாரன் கேட்டது. கண்ணாடியில் பச்சைக் கார் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் மற்றப் பத்தும். வழி கேட்டு நீளமாக அடித்தார் சார். அடித்து முடிப்பதற்குள் அவர் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, வலது கதவு திறந்தது, பாதி வேட்டி ரோட்டுக்கு வந்தது. வலது கையால் கதவை எட்டிப் பிடித்து இழுத்துச் சாத்திக்கொண்டார். இனி அந்தக் கை அங்கேயேதான் இருக்க வேண்டும். இடது கை ஸ்டியரிங்கில். கியர் மாற்றவும் அந்தக் கைதான். ஹாரனுக்கும் அந்தக் கைதான்.

ரோட்டோரத்தில் நின்ற ஒரு கிழவர், பெரிய மனிதர் கதவைத் திறந்து தனக்கு வணக்கம் சொன்னதாக நினைத்துத் திருப்பி வணங்கினார்.

"எட்டி, ஒதுங்கிக் குடு," என்றான் சுந்தரன். "மனுஷன் பாவம். முன்னால போவட்டு."

"போவட்டு. நான் பிடிச்சா வச்சிருக்கேன்?"

"நடு ரோட்டில போறியே."

"பள்ளம் ரெண்டு சைடிலயும் உண்டு. எங்கோட்டு ஒதுங்க? அவருக்கு முன்னால போவணும்னா கதவ விட்டுட்டு வரச் சொல்லுங்க."

சுந்தரன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

ஹாரன் இன்னொரு முறை கேட்டது, பாதியில் நின்றது, கதவு அடிபடும் சத்தம் வந்தது. அதன் பிறகு ஹாரன் கேட்கவில்லை. காட்டாக்கடை சந்திப்பில் போலீஸ்காரர் கையை உயர்த்திப் பஸ்ஸை நிறுத்தினார். வரிசையின் முதல் காருக்கு அவர் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார். ரெபேக்காள் இரண்டாவது கியருக்கு மாற்றி, அணைக்குப் போகும் ரோட்டில் திருப்பினாள்.